கட்டாத பராமரிப்புக் கட்டணத்தை வசூலிப்பது எப்படி? மலேசிய அடுக்குமாடிகளின் புதிய செயற்குழுவினருக்கு ஒரு வழிகாட்டி

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வேறு யாரும் முன்வராததால் கை தூக்கியவர்தான் பல அடுக்குமாடிகளில் பொருளாளர் ஆகிறார். மறுவாரமே நிர்வாக அலுவலகம் அவர் மேசையில் ஒரு நிலுவைப் பட்டியலை வைக்கும். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தக்காரர், காவல் நிறுவனம், குப்பை அள்ளுபவர் என எல்லோருக்கும் இந்த மாதப் பணம் போக வேண்டும். வங்கிக் கணக்கிலோ பாதிதான் இருக்கும். உடனே எழும் யோசனை, வக்கீலை வைத்து நோட்டீஸ் அனுப்புவோம் அல்லது தண்ணீரை வெட்டுவோம் என்பது. முதலாவதுக்கு இன்னும் நேரம் வரவில்லை. இரண்டாவதைச் செய்யவே கூடாது.

2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் (சட்டம் 757), 2015 ஜூனில் நடைமுறைக்கு வந்த அதன் விதிமுறைகள் ஆகிய இரண்டையும் வைத்தே இந்தக் கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. இவை தீபகற்ப மலேசியாவுக்கும் கூட்டரசுப் பிரதேசங்களுக்கும் பொருந்தும். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. உங்கள் கட்டடம் ஜே.எம்.பி. எனப்படும் கூட்டு நிர்வாகக் குழுவின் கீழ் இருக்கிறதா, ஸ்ட்ராட்டா பட்டா (ஒவ்வொரு வீட்டுக்குமான தனி உரிமைப் பத்திரம்) வந்தபின் அமைந்த எம்.சி. எனப்படும் நிர்வாகக் கழகத்தின் கீழ் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வசூல் முறை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சட்டப் பிரிவும் படிவ எண்ணும் வேறு. ஜே.எம்.பி.க்கு 34, 35ஆம் பிரிவுகள், எம்.சி.க்கு 78, 79ஆம் பிரிவுகள். தவறான போராங்கில் (படிவத்தில்) அனுப்பிய நோட்டீஸை வைத்துக்கொண்டு தீர்ப்பாயத்தின் முன் நிற்பது வீண் அலைச்சல்.

நோட்டீஸுக்கு முன் காகிதங்கள்

வசூல் வழக்குகள் தோற்பது பெரும்பாலும் விசாரணை அறையில் அல்ல. நிர்வாக அலுவலகத்தின் கோப்பு அலமாரியில் அவை எப்போதோ தோற்றுவிட்டிருக்கும். ஆகவே யாருக்கும் கடிதம் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

ஒன்று, கட்டண விகிதம். மாதக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பொதுக்கூட்டம் தீர்மானித்திருக்க வேண்டும், அந்தத் தீர்மானம் கூட்டக் குறிப்பில் இருக்க வேண்டும். கட்டணம் ஷேர் யூனிட் அளவின்படி, அதாவது கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய பங்கு அளவின்படி, கணக்கிடப்படுகிறது. 90 ஷேர் யூனிட் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 1.20 ரிங்கிட் என்று கூட்டம் முடிவு செய்திருந்தால் மாதக் கட்டணம் 108 ரிங்கிட். சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி) 10 விழுக்காடு, அதாவது 10.80 ரிங்கிட். மொத்தம் 118.80 ரிங்கிட். பழைய கட்டடங்கள் சிலவற்றில் இன்னும் சதுர அடிக் கணக்கோ, எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையோ நடக்கிறது. யாரும் கேள்வி கேட்காதவரை அது ஓடும். பாக்கிக்காரர் கேட்டால் அங்கேயே நிற்கும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் திருத்தாமல் பெரிய தொகைக்கு வழக்குப் போடாதீர்கள்.

இரண்டு, கணக்கேடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பேரேடு வேண்டும்: எந்தத் தேதியில் பில் போனது, எவ்வளவு, எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, எந்த ரசீது எண். "முன் இருப்பு 3,400" என்று ஒரே வரியில் தொடங்கும் பேரேடு எதையும் நிரூபிக்காது. மேம்பாட்டாளரிடமிருந்து ஜே.எம்.பி.க்கும் ஜே.எம்.பி.யிலிருந்து எம்.சி.க்கும் நிர்வாகம் கைமாறும்போதுதான் இந்த ஒற்றை வரி முளைக்கிறது. பாக்கியை வசூலிக்கும் உரிமை புதிய அமைப்புக்கு வந்துவிடும், அதற்கான ஆதாரம் தானாக வராது. கைமாறிய ஆண்டின் பழைய பில்களையும் தணிக்கை அறிக்கையையும் இன்றே தேடி எடுங்கள். கிடைக்காத மாதங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். அவற்றைக் கழித்துவிட்டு மீதிக்கு வழக்குப் போடுவது நல்லது. ஆதாரமில்லாத 600 ரிங்கிட்டைச் சேர்த்துக் கேட்கப்போய் ஆதாரமுள்ள 2,800 ரிங்கிட்டின் மேலும் சந்தேகம் விழ விடாதீர்கள்.

மூன்று, உரிமையாளர் யார், எங்கே இருக்கிறார் என்பது. ஜே.எம்.பி. உரிமையாளர் பதிவேடு வைத்திருக்க வேண்டும், எம்.சி. ஸ்ட்ராட்டா ரோல் என்ற பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் அவற்றில் இருப்பது வீட்டை முதலில் வாங்கியவரின் பெயரும், எப்போதோ மாறிப்போன கைத்தொலைபேசி எண்ணும்தான். பட்டா வந்த கட்டடம் என்றால் நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் போடுங்கள். உரிமையாளர் பெயர், எந்த வங்கிக்கு அடமானம் என்ற இரண்டும் அதில் தெரியும். வங்கியின் பெயர் பின்னால் மிகவும் உதவும். உரிமையாளர் ஒரு நிறுவனம் என்றால் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவனங்கள் ஆணையத்தின் தேடலில் பதிவு முகவரி கிடைக்கும்.

வீட்டில் குடியிருப்பவர் வாடகைக்காரர்தான் என்பதைப் பல செயற்குழுக்கள் மறந்துவிடுகின்றன. வாடகை ஒப்பந்தத்தில் "பராமரிப்பு வாடகைக்காரர் பொறுப்பு" என்று இருக்கலாம். அது அவர்கள் இருவருக்கும் இடையிலான ஏற்பாடு. உங்களைப் பொறுத்தவரை பாக்கியைக் கட்ட வேண்டியவர் உரிமையாளர் ஒருவரே. கதவில் ஒட்டிவிட்டு வந்த கடிதம் ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உரிமையாளரின் கைக்குப் போய்ச் சேராது.

பில்லும் முதல் 14 நாளும்

சட்டத்தின் கடிகாரம் ஓடுவது 14 நாள் கணக்கில்தான். கட்டணம் கேட்டு நோட்டீஸ் கிடைத்த 14 நாளுக்குள் உரிமையாளர் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அவர் பாக்கிதாரர். "முழு" என்ற சொல்லைக் கவனியுங்கள். பராமரிப்பைக் கட்டிவிட்டு சிங்கிங் ஃபண்டை மட்டும் பிடித்துவைப்பவரும் பாக்கிதாரர்தான்.

பில்லில் இவை இருக்கட்டும்: வீட்டு எண், ஷேர் யூனிட், விகிதம், கட்டணமும் சிங்கிங் ஃபண்டும் தனித்தனியாக, முந்தைய பாக்கி மாதவாரியாக, கட்ட வேண்டிய கடைசி நாள், வங்கிக் கணக்கு எண். "வரும் பணம் முதலில் பழைய பாக்கிக்கு வரவு வைக்கப்படும்" என்று ஒரு வரியும் சேருங்கள். ஆனால் பணம் அனுப்புபவர் "மார்ச் மாதத்துக்கு" என்று குறிப்பிட்டு அனுப்பி, நீங்களும் அதை ஏற்றுக்கொண்டால், மார்ச் மாதத்துக்கே வரவு வைக்க வேண்டும். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் சொல்வது அதுதான்.

14 நாள் கழிந்ததும் வட்டி ஓடத் தொடங்கும். உச்சவரம்பு ஆண்டுக்கு 10 விழுக்காடு, நாள் கணக்கில். அதற்கும் குறைவாகப் பொதுக்கூட்டம் முடிவு செய்திருந்தால் அந்த விகிதமே செல்லும். மாதம் 1.5 விழுக்காடு "தாமதக் கட்டணம்" என்று பில் அடிக்கும் கட்டடங்கள் உண்டு. ஆண்டுக்கு அது 18 விழுக்காடு ஆகிறது, சட்டப்படி செல்லாது. வட்டிக்கு வட்டியும் போடாதீர்கள். மேலே சொன்ன வீட்டில் 12 மாதம் பாக்கி என்றால் அசல் 1,425.60 ரிங்கிட். அந்தத் தொகைக்கு ஒரு நாள் வட்டி 39 காசு. ஓராண்டு முழுக்க ஓடினாலும் 142.56 ரிங்கிட்தான். கடன் அட்டைக்கு இதைவிட அதிக வட்டி கட்டுபவர் உங்கள் வட்டிக்குப் பயந்து ஓடி வரப்போவதில்லை. வட்டியைக் கணக்குக்காகப் போடுங்கள். வசூல் அதனால் நடக்காது.

துணைவிதி 6: கையில் இருக்கும் உண்மையான ஆயுதம்

2015ஆம் ஆண்டு பராமரிப்பு, நிர்வாக விதிமுறைகளின் மூன்றாவது அட்டவணையில் எல்லாக் கட்டடங்களுக்கும் பொதுவான துணைவிதிகள் உள்ளன. இவற்றுக்குத் தனித் தீர்மானம் தேவையில்லை, தாமாகவே அமலில் இருக்கும். அதில் 6ஆம் துணைவிதி முழுக்கப் பாக்கிதாரர்களைப் பற்றியது. வழக்குக்குப் போகும் முன் இதைப் பயன்படுத்தினாலே பாதிப் பட்டியல் கரைந்துவிடும் என்பது அனுபவமுள்ள கட்டட மேலாளர்கள் பலரும் சொல்வது.

அக்சஸ் கார்டை முடக்குவது முதலாவது. 14 நாள் கெடு முடிந்தபின், மேலும் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், பாக்கிதாரருக்குக் கொடுத்த கார்டு, டேக், டிரான்ஸ்பாண்டர் எதையும் செயலிழக்கச் செய்யலாம். மறுபடி இயக்க 50 ரிங்கிட்டுக்கு மிகாமல் கட்டணம் வாங்கலாம். கார்டு இல்லாதபோது உள்ளே வரவோ வெளியே போகவோ உதவி கேட்டால், அதற்கென வைத்த பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போடச் சொல்லலாம்.

இங்கேதான் கட்டடங்கள் வழுக்குகின்றன. கார்டை முடக்கலாம் என்றால் ஆளைத் தடுக்கலாம் என்று அர்த்தமில்லை. அவர் தன் வீட்டுக்குப் போகும் உரிமை அப்படியே இருக்கிறது. காவலாளி அறையில் பதிவேடும் பேனாவும் இருக்கிறதா, இரவுப் பணி ஜாகாவுக்கு விஷயம் தெரியுமா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கார்டை முடக்க வேண்டும். நள்ளிரவில் குழந்தையுடன் வந்த குடும்பத்தை வாசலில் நிறுத்திவைத்தால், அடுத்த நாள் பாக்கியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். உங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். நடக்க முடியாத முதியவர் உள்ள வீட்டில் லிஃப்ட் கார்டைத் தொடும் முன் செயற்குழு ஒரு முறை யோசித்துக்கொள்வது நல்லது. சட்டம் அனுமதிப்பதை எல்லாம் செய்துதான் ஆக வேண்டும் என்றில்லை.

இந்தக் கட்டுப்பாடு உரிமையாளருடன் நிற்பதில்லை. அவருடைய குடும்பத்தார், வாடகைக்காரர், அங்கே குடியிருப்பவர் எல்லோருக்கும் பொருந்தும். வாடகைக்குவிட்ட வீடுகளில் இதுதான் வேலை செய்கிறது. கார்டு இயங்காத வாடகைக்காரர் அன்று மாலையே வீட்டுக்காரரை அழைப்பார். உங்கள் பத்துக் கடிதங்கள் செய்யாததை அந்த ஒரு அழைப்பு செய்யும். வாடகைக்காரரே பாக்கியைக் கட்ட முன்வந்தால் வாங்கிக்கொள்ளலாம். துணைவிதி 6 அதற்கு வெளிப்படையாக இடம் கொடுக்கிறது. உரிமையாளர் அனுமதித்ததாகவே அது கருதப்படும். வங்கி கட்டினாலும் அப்படித்தான்.

பொது வசதிகளை நிறுத்துவது அடுத்தது. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், பொது மண்டபம், பொது இடத்தில் அவருக்கு ஒதுக்கிய வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றை நிறுத்திவைக்கலாம். நிறுத்துமிடத்தில் ஒரு பொறி உண்டு. அது பட்டாவில் அவருடைய வீட்டோடு சேர்ந்த துணைப் பகுதியாக இருந்தால் பொதுச் சொத்து ஆகாது, உங்களால் அதைத் தொட முடியாது. ஸ்ட்ராட்டா வரைபடத்தைப் பார்க்காமல் அங்கே கூம்பு வைக்காதீர்கள்.

அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல் போடுவது மூன்றாவது. பாக்கிதாரர் பெயர், வீட்டு எண், தொகை ஆகியவற்றைக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அடையாள அட்டை எண்ணும் தொலைபேசி எண்ணும் அதில் வரக்கூடாது. பட்டியலைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ போடுவதற்கு இந்தத் துணைவிதி அனுமதி தரவில்லை. பணம் கட்டியவரின் பெயரை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் தாமதமாக எடுத்த பெயரால் வந்த சண்டைகள் ஏராளம்.

இந்த மூன்றையும் எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் செய்யுங்கள். செயற்குழு உறுப்பினரின் மைத்துனருக்கு மட்டும் கார்டு வேலை செய்தால், அதுவே மற்ற எல்லோருக்கும் பணம் கட்டாமல் இருப்பதற்குக் காரணமாகிவிடும்.

தண்ணீர், மின்சாரம் பற்றி ஒரே வரி: துணைவிதி 6 தரும் பட்டியலில் அவை இல்லை, மீட்டர் பக்கம் போகாதீர்கள்.

தவணைத் திட்டம்

பாக்கிதாரர்களில் கட்ட மனமில்லாதவர் ஒரு வகை. கட்ட முடியாதவர் இன்னொரு வகை. மலிவு விலை ஃபிளாட்டுகளில் இரண்டாம் வகைதான் அதிகம். வேலை போனது, மருத்துவச் செலவு, கணவர் இறந்தது என்று காரணங்கள் உண்மையாகவே இருக்கும். இவர்களுக்குத் தவணைத் திட்டம் கொடுக்கத் துணைவிதி 6 இடமளிக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

நல்ல தவணை ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். இன்றைய தேதியில் பாக்கி இவ்வளவு என்று அவரே ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். நடப்பு மாதக் கட்டணத்தை முழுதாகக் கட்டி, அதற்கு மேல் பாக்கியில் ஒரு பங்கு. நம் உதாரண வீட்டில் 1,425.60 ரிங்கிட்டை 12 தவணையாகப் பிரித்தால் தவணை 118.80, நடப்புக் கட்டணம் 118.80, ஆக மாதம் 237.60 ரிங்கிட். எத்தனை தவணை தவறினால் ஒப்பந்தம் முறியும், முறிந்தால் கார்டு முடங்கும், மீதித் தொகை முழுவதும் உடனே செலுத்த வேண்டியதாகும் என்பதையும் எழுதுங்கள். தவணை ஒழுங்காக வரும்வரை கார்டை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அவருக்கு ஒப்பந்தத்தால் என்ன பயன்?

நடப்புக் கட்டணத்தைச் சேர்க்காமல் பாக்கிக்கு மட்டும் தவணை போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஓராண்டு கழித்துப் பார்த்தால் பழைய பாக்கி தீர்ந்து அதே அளவுக்குப் புதுப் பாக்கி நிற்கும்.

அவருடைய கையெழுத்துக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி இத்தகைய கடன்களுக்கு ஆறு ஆண்டு கெடு. எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்தத் தேதியிலிருந்து ஆறு ஆண்டு புதிதாகத் தொடங்கும். ஐந்தாம் ஆண்டைத் தொட்ட பாக்கிகளைத் தனிப் பட்டியலாக எடுத்து, அவர்களைத்தான் முதலில் தேடிப் போக வேண்டும். தொகை பெரியதா சிறியதா என்பது அடுத்த கேள்வி.

போராங் 11, போராங் 20

கார்டும் பலகையும் தவணைப் பேச்சும் பலிக்காதபோது சட்டபூர்வக் கோரிக்கை நோட்டீஸ். ஜே.எம்.பி. என்றால் 34ஆம் பிரிவின்படி போராங் 11, எம்.சி. என்றால் 78ஆம் பிரிவின்படி போராங் 20. இதற்கு வக்கீல் தேவையில்லை. நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். "ஏழு நாளுக்குள்" என்று மிரட்டலாக எழுதினால் நோட்டீஸ் கெட்டது, மறுபடி முதலிலிருந்து. முன்பு பில்லுக்குக் கொடுத்த 14 நாள் வேறு, இந்த 14 நாள் வேறு. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒன்றாக்கிவிடாதீர்கள்.

தொகையை அசல், சிங்கிங் ஃபண்ட், வட்டி என்று பிரித்து எழுதுங்கள். கார்டு மறுஇயக்கக் கட்டணம், கார் பூட்டியதற்கான கட்டணம், சுவரில் ஆணி அடித்ததற்கான அபராதம் எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டிப் போட்டால் அதில் எது செல்லும், எது செல்லாது என்ற வாதம் தொடங்கி, மறுக்க முடியாத கட்டணப் பாக்கியும் அதோடு சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

அனுப்புவது பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்ட அட்டையுடன். வீட்டு முகவரிக்கு ஒன்று, பதிவேட்டில் உள்ள தொடர்பு முகவரிக்கு ஒன்று. தபால் ரசீது, திரும்பி வந்த உறை, பெற்றுக்கொண்ட அட்டை ஆகியவற்றை அந்த வீட்டின் கோப்பில் தேதி வாரியாகப் போட்டு வையுங்கள். திரும்பி வந்த உறையைத் திறக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். அதுவும் ஆதாரம்தான்.

இந்த நோட்டீஸுக்கு ஒரு பல் உண்டு. நியாயமான காரணமின்றி இதை மதிக்காமல் இருப்பதே குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரிங்கிட் வரை கூடுதல் அபராதம். இதை நோட்டீஸுடன் செல்லும் கடிதத்தில் நிதானமான மொழியில் குறிப்பிடலாம். வழக்குத் தொடர்வது உங்கள் கையில் இல்லை, அது அதிகாரிகளின் வேலை. ஆகவே அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அதன்பின் மூன்று வழிகள்

அவகாசம் முடிந்தும் பணம் வரவில்லையென்றால் தீர்ப்பாயம், நீதிமன்றம், ஜப்தி ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த வீட்டின் மேல், எந்த வழியில் என்பதைச் செயற்குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். யார் சார்பில் ஆஜராவது என்பதற்கான அதிகாரக் கடிதமும் அதே கூட்டத்தில் முடியட்டும்.

சாதாரண வீட்டுப் பாக்கிக்கு ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயம்தான் முதல் தேர்வு. 250,000 ரிங்கிட் வரை அதற்கு அதிகாரம் உண்டு. பொதுவாக இரு தரப்பும் வக்கீல் வைக்க முடியாது. அதனால்தான் செலவு கட்டுப்படியாகிறது. போராங் 1இல் கோரிக்கையைப் பதிவு செய்து, எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பித்து, சேர்ப்பித்ததற்கான சான்றைக் கொடுக்க வேண்டும். அவருக்கு எதிர்வாதம் தர 14 நாள். விசாரணை தொடங்கியபின் இயன்றவரை 60 நாளுக்குள் தீர்ப்பு தர வேண்டும் என்பது சட்டம். தீர்ப்பு நீதிமன்ற ஆணைக்குச் சமம். அதை மதிக்காவிட்டால் 250,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ.

விசாரணைக்கு எடுத்துப் போக வேண்டியவை: கட்டணம் நிர்ணயித்த பொதுக்கூட்டக் குறிப்பு, ஜே.எம்.பி. அல்லது எம்.சி. சான்றிதழ், வீட்டின் முழுப் பேரேடு, பில்கள், போராங் 11 அல்லது 20, தபால் ஆதாரம், உரிமையாளர் யார் என்பதற்கான தேடல் முடிவு, செயற்குழுத் தீர்மானம், அதிகாரக் கடிதம். பேரேட்டை விசாரணை நாள்வரை புதுப்பித்து எடுத்துச் செல்லுங்கள். கோரிக்கையில் "பணம் செலுத்தும் நாள்வரை வட்டி" என்று கேட்க மறந்தால் இடைப்பட்ட மாதங்களின் வட்டி போய்விடும்.

அங்கே நீங்கள் கேட்கப்போகும் வாதங்கள் பெரும்பாலும் முன்பே தெரிந்தவை. "லிஃப்ட் ஆறு மாதமாக ஓடவில்லை, எதற்குக் கட்ட வேண்டும்?" என்பார். கட்டணம் சட்டம் சுமத்தும் கடமை. சேவை பிடிக்கவில்லை என்று பிடித்துவைக்க முடியாது. குறை இருந்தால் அவர் தனியாகக் கோரிக்கை போடலாம் அல்லது சி.ஓ.பி. எனப்படும் கட்டட ஆணையரிடம் புகார் செய்யலாம். ஆனாலும் லிஃப்ட் ஏன் ஓடவில்லை, எத்தனை பேர் கட்டாததால் உதிரிப் பாகம் வாங்க முடியவில்லை என்ற கணக்கைக் கையில் வைத்திருங்கள். "பில்லே வரவில்லை" என்பவருக்குத் தபால் ஆதாரம்தான் பதில். "நான் அந்த வீட்டில் குடியே இல்லை" என்பவருக்குப் பதிலே தேவையில்லை. "கணக்கைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை" என்ற வாதம் மட்டும் உங்களை நெளியவைக்கும். தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் கொடுத்து வந்திருந்தால் அதுவும் நிற்காது.

நீதிமன்றம் இரண்டாவது வழி. 100,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம். 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கை முறை எளிதானது என்று கேள்விப்பட்டு அங்கே போகாதீர்கள். தனிநபர்தான் அந்த முறையில் வழக்குத் தொடுக்க முடியும், ஜே.எம்.பி.யால் முடியாது. நீதிமன்ற வழிக்கு வக்கீல் செலவு உண்டு. 2,000 ரிங்கிட் பாக்கிக்கு இது கட்டுப்படியாகாது. விற்பனையாகாத பல வீடுகளை வைத்திருக்கும் நிறுவனம், கடைவீடுகளின் பெரும் பாக்கி போன்றவற்றுக்குப் பொருந்தும். திவால் நடவடிக்கை எடுப்போம் என்று கடிதத்தில் எழுதுவது வெறும் சத்தம். அதற்குக் குறைந்தபட்சக் கடன் 100,000 ரிங்கிட் என்பது பாக்கிதாரருக்கும் தெரியும்.

மூன்றாவது, அசையும் சொத்தை ஜப்தி செய்வது. தீர்ப்பாயத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகாமல், சி.ஓ.பி.யிடம் ஜப்தி வாரண்ட் கேட்கலாம். அது உள்ளூராட்சி மன்றத்தில் இருக்கும் அலுவலகம். கோலாலம்பூர் என்றால் டி.பி.கே.எல். எனப்படும் மாநகர் மன்றத்தில். வாரண்ட் கிடைத்தால் தொலைக்காட்சி, சோபா, குளிர்சாதனப் பெட்டி முதலியவற்றைப் பட்டியலிட்டு எடுத்து, கெடுவுக்குள் பணம் வராவிட்டால் ஏலம் விடலாம். கேட்பதற்கு வலுவாக இருக்கும். நடைமுறையில் பழைய தொலைக்காட்சியை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. ஏற்றிச் செல்ல லாரி, வைக்க இடம், ஆள் கூலி எல்லாம் முதலில் உங்கள் செலவு. வாடகைக்குவிட்ட வீட்டில் இருக்கும் பொருள் வாடகைக்காரருடையது, பாக்கிதாரருடையது அல்ல. அதைத் தூக்கினால் சிக்கல் உங்களுக்கு. உரிமையாளரே குடியிருக்கும், வசதி தெரியும் வீட்டுக்கு மட்டும் இந்த வழியைக் கேளுங்கள். பல நேரம் அதிகாரிகள் வாசலில் வந்து நின்றதுமே வங்கிப் பரிமாற்ற ரசீது கைத்தொலைபேசியில் வந்துவிடும்.

தனியாகக் கவனிக்க வேண்டியவர்கள்

பட்டியலின் உச்சியில் இருப்பது மேம்பாட்டாளராக இருந்தால் வியக்க வேண்டாம். விற்காத வீடுகளுக்கு அவரும் உரிமையாளர்தான், எல்லோரையும்போல் கட்ட வேண்டும். நூறு சிறிய வீடுகளைத் துரத்துவதற்கு முன் அந்த ஒரே கணக்கைத் தீர்ப்பது லாபம். புதிய செயற்குழுக்கள் மேம்பாட்டாளரோடு உறவு கெட்டுவிடும் என்று தயங்கியே இரண்டு மூன்று ஆண்டுகளை விட்டுவிடுகின்றன.

உரிமையாளர் இறந்திருந்தால் குடும்பத்தாரில் ஒருவரைப் பிடித்துக் கட்டச் சொல்லத் தோன்றும். கடன் இறந்தவரின் சொத்தினுடையது. சொத்து நிர்வாகி நியமிக்கப்பட்டாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அங்கே குடியிருப்பவர் நடப்புக் கட்டணத்தையாவது கட்டும்படி பேசி முடியுங்கள். வாரிசுகள் வீட்டைப் பெயர் மாற்றும் நாளில் பாக்கி எப்படியும் மேசைக்கு வரும்.

வங்கி ஏலத்துக்குப் போகும் வீட்டை நோட்டமிட்டு வாருங்கள். ஏல அறிவிப்பு வந்தவுடன் பாக்கித் தொகையை மாதவாரியாக எழுதி வங்கிக்கும் அதன் வக்கீலுக்கும் அனுப்புங்கள். நில அலுவலகத் தேடலில் எடுத்த வங்கிப் பெயர் இதற்குத்தான். பாக்கியை யார், எதுவரை கட்டுவது என்பது ஏல நிபந்தனையில் எழுதியிருக்கும். உங்கள் தொகை முன்கூட்டியே அவர்களுக்குத் தெரிந்தால் வேலை சுலபம். சாதாரண விற்பனையிலும் வாங்குபவரின் வக்கீல் பாக்கிக் கணக்குக் கேட்டுக் கடிதம் எழுதுவார். அந்தக் கடிதத்துக்கு அவசரத்தில் தவறான தொகையை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு புது உரிமையாளரிடம் மீதியைக் கேட்க முடியாது.

பொதுக்கூட்டத் தேதியும் ஒரு வசூல் கருவிதான். கூட்டத்துக்கு முந்தைய ஏழாம் நாளில் பாக்கி இருப்பவருக்கு வாக்குரிமை இல்லை. கூட்ட அறிவிப்போடு அவரவர் நிலுவையையும் அந்தக் கடைசித் தேதியையும் தடித்த எழுத்தில் போட்டு அனுப்புங்கள். கூட்டத்தில் பேச ஆசைப்படுபவர்களும் அடுத்த செயற்குழுவில் கண் வைத்திருப்பவர்களும் அந்த வாரத்தில் கட்டுவார்கள்.

பணம் வந்த அன்று

ரசீது, பேரேட்டில் வரவு, கார்டு மறுஇயக்கம், பலகையிலிருந்து பெயர் நீக்கம், காவலாளி அறைக்குத் தகவல் ஆகிய ஐந்தும் அதே நாளில் நடக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் கோரிக்கை நிலுவையில் இருந்தால், வட்டி உட்பட முழுத் தொகையும் வங்கியில் சேர்ந்ததைப் பார்த்தபின் மீட்டுக்கொள்ளுங்கள். காசோலையைக் கையில் வாங்கியதும் மீட்டுக்கொண்டு, அது திரும்பி வந்தபின் புதிதாகப் பதிவு செய்ய நேர்ந்த கட்டடங்கள் உண்டு. கட்டணத்தையும் சிங்கிங் ஃபண்டையும் அவற்றுக்குரிய கணக்குகளில் பிரித்துப் போடுங்கள். பாக்கி வசூலான மகிழ்ச்சியில் மொத்தத்தையும் பராமரிப்புக் கணக்கில் கொட்டிவிட்டால் தணிக்கையாளர் அடுத்த ஆண்டு அதை எடுத்துக் காட்டுவார்.